உடைந்த கமான் பட்டையைக் காயலான் கடையில் போடும் முன் அதன் முறிவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பஸ், லாரியின் பாரத்தையும் குலுக்கலையும் தாங்க அச்சோடு அடுக்காகக் கட்டும் வளைந்த எஃகுப் பட்டைதான் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்); ஓர் அடுக்கு ஒரு செட், அதில் மேலே உள்ள முதல் பட்டை மெயின், அதன் நுனியில் சுருட்டிய வளையம் கண். கமான் பட்டை உடைந்து பஸ் நடுவழியில் நின்றது, பயணிகள் அவதி என்ற செய்தி மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. கடைசி வரியில் காரணமும் வந்துவிடும்: கூட்டம் அதிகம் அல்லது ரோடு மோசம். லாரி என்றால் அதிக பாரம். இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் விசாரணை இவற்றோடு முடிந்துவிடுவதால், அந்தப் பட்டை எப்படித் தயாரானது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. உடைந்த துண்டு அன்றைக்கே பழைய இரும்போடு சேர்ந்துவிடுகிறது, பதில் இருப்பதோ அந்தத் துண்டில்தான்.

முறைப்படி சூடேற்றி, எண்ணெயில் குளிர்வித்து, டெம்பர் செய்த (அதாவது மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்திய) ஸ்பிரிங் எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 1300 நியூட்டனுக்கு மேல் இழுவிசை தாங்கும். அப்படிப்பட்ட பட்டை ஒரே ஒரு குழியில் இறங்கியதற்காக இரண்டு துண்டாவதில்லை. பாரம் எல்லை மீறினால் முதலில் தொய்யும், வண்டி ஒரு பக்கம் சாயும், டயர் பாடியில் உரசும். முறிவின் கதை வேறு. பட்டையின் மேற்பரப்பில் ஏதோ ஒரு புள்ளியில் மயிரிழை வெடிப்பு தொடங்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். மிச்சமுள்ள இரும்பால் தாங்க முடியாத நாளில் பட்டை விட்டுவிடும். அந்த நாளில் வண்டியில் கூட்டமோ பாரமோ இருந்திருக்கும். அதனால் பழி அதன்மேல் விழுகிறது. வெடிப்பு தொடங்கியதோ பல மாதங்களுக்கு முன்பாக இருக்கலாம், வண்டியில் ஏறும் முன்பாகக்கூட இருக்கலாம்.

முறிந்த முகத்தை டீசலில் கழுவிப் பாருங்கள். கம்பி பிரஷ் போடக் கூடாது, உடைந்த இரண்டு முகங்களை ஒன்றோடொன்று பொருத்தியும் பார்க்கக் கூடாது, தடயம் தேய்ந்துவிடும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஒரு பகுதி வழவழப்பாகவும் மறு பகுதி சொரசொரப்பாகவும் தெரியும். வழவழப்பில் மெல்லிய வளைகோடுகள் அடுக்கடுக்காக இருக்கும், அவை எல்லாம் ஒரே புள்ளியைச் சுற்றி விரிந்திருக்கும். அந்தப் புள்ளிதான் தொடக்கம். அங்கே என்ன இருக்கிறது என்று பத்து மடங்கு லென்ஸில் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். எண் குத்திய பள்ளமா, உருட்டும்போது பதிந்த கோடா, வெல்டிங் பொறி பட்ட தழும்பா, துளையோரத்துப் பிசிறா என்பது தெரிந்துபோகும்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். முறிவின் ஒரு மூலை கறுப்பாகவோ நீலம் ஓடியோ இருந்தால், டெம்பர் ஃபர்னஸுக்குள் போகும்போதே அங்கே வெடிப்பு இருந்திருக்கிறது. எண்ணெயில் குளிர்வித்தபோது விழுந்த வெடிப்பு அது, ரோட்டுக்கும் டிரைவருக்கும் அதில் பங்கே இல்லை. வெடிப்புக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் பெயின்ட் அடிக்கும் முன்பே வெடிப்பு இருந்திருக்கிறது. செந்துரு மட்டும் இருந்தால் வண்டியில் ஓடும்போது வெடித்து, சில நாளாவது யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது; அப்போது கேள்வி பராமரிப்புப் பக்கம் திரும்பும். முறிவு முழுவதும் கற்கண்டு உடைத்தது போலப் பெரிய பெரிய மணிகளாக மின்னினால், சூடு மிஞ்சி எஃகின் மணிகள் வளர்ந்துவிட்டன என்று அர்த்தம். அந்த ஃபர்னஸில் அன்று வெந்த மற்ற பட்டைகளையும் சந்தேகிக்க வேண்டும்.

எந்த இடத்தில் உடைந்தது என்பதும் நிறையச் சொல்லும். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையில் உடைந்தால், பெரும்பாலும் செட்டை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறது. யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அந்தப் பகுதி ஆக்ஸிலோடு ஒட்டிக் கிடக்கும், அங்கே வளைவு மிகக் குறைவு. தளர்ந்த பிறகுதான் துளையோரம் வேலை செய்யத் தொடங்குகிறது. புது செட் போட்டு முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், பாரம் ஏற்றிய நிலையில் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். இதைச் செய்யாத டிப்போவும் பட்டறையும் தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் துளையைக் குளிர்ந்த நிலையில் பஞ்ச் அடித்து, ஓரத்தைச் சாய்க்காமல், பிசிறு எடுக்காமல் விட்டிருந்தால் யூ போல்ட் சரியாக இருந்தும் அங்கே உடையும். இரண்டையும் பிரித்துச் சொல்வது துளையோரத்தின் தோற்றம்.

யூ போல்ட் பிடிப்பின் விளிம்பை ஒட்டி உடைவது நீண்ட நாள் ஓடிய பட்டைக்கு இயல்பான முடிவு, வளைவு அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம் அது. சில மாதத்திலேயே அங்கே உடைந்தால் விசாரிக்க வேண்டும். மெயின் பட்டையின் கண் பகுதியில் உடைந்தால் இரண்டு சந்தேகங்கள்: கண் சுருட்டும்போது சூடு இறங்கிப்போய் உள்வளைவில் வெடிப்பு விழுந்திருக்கலாம், அல்லது கண்ணைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளில் கிரீஸ் இல்லாமல், கண்ணுக்குள் உள்ள புஷ் இறுகிப் பட்டை முறுக்கப்பட்டிருக்கலாம். இரண்டாம் பட்டையின் நுனி முட்டும் இடத்தில் மெயின் பட்டை உடைந்திருந்தால், அந்த நுனியைத் தட்டையாக்காமல் கூர்மையாக வெட்டி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இவை எதுவுமில்லாமல் பிடிப்புக்கும் கண்ணுக்கும் நடுவே, எதுவும் உரசாத வெறும் இடத்தில் உடைந்தால் முதல் சந்தேகம் தொழிற்சாலைமேல்தான் போக வேண்டும்.

தொழிற்சாலையில் எங்கே தவறுகிறது என்பதை விரிவாகவே எழுதுகிறேன், வாங்குபவர்கள் சரியான கேள்வியைக் கேட்க அது உதவும்.

முதலில் எஃகு. நம் சந்தையில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள் புழங்குகின்றன. ஒன்று ஈஎன் 45 போன்ற சிலிக்கான்–மாங்கனீஸ் எஃகு: கார்பன் 0.50 முதல் 0.60 சதவீதம், சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம் வரை. மற்றது எஸ்யூபி 9, 51 சிஆர்வி 4 போன்ற குரோமியம் எஃகு. இரண்டும் கறுத்த பட்டையாக யார்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் கண்ணால் பிரிக்க முடியாது. நுனியில் அடிக்கும் வண்ணக்குறி மழையில் போய்விட்டாலோ, வெட்டிய துண்டில் மறுபடி அடிக்காமல் விட்டாலோ கலந்துவிடும். இரண்டுக்கும் டெம்பர் சூடு வேறு வேறு. கலந்த லாட்டில் (ஒன்றாகத் தயாராகும் தொகுதியில்) ஒரே சூட்டில் ஒரு பட்டை கடினமாகவும் அடுத்தது மென்மையாகவும் வரும். ஹீட் நம்பர் (ஒரே உருக்கில் வந்த எஃகுக்குத் தரும் எண்) வாரியாக, ரசாயனக் கலவை காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு துண்டு பார்ப்பது சில நிமிட வேலை. ஸ்கிராப்பை இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கி உருட்டும் சிறு ஆலைகளின் பட்டை கிலோவுக்கு விலை குறைவாகக் கிடைக்கிறது. அந்த உருக்கு முறையில் எஃகை நொறுங்க வைக்கும் பாஸ்பரஸை வெளியேற்றுவது கடினம், ஸ்கிராப்போடு வரும் தாமிரமும் வெள்ளீயமும் அப்படியே தங்கிவிடும். மில் சர்டிஃபிகேட்டில் கார்பன், சிலிக்கான், மாங்கனீஸ் மூன்றும் எல்லைக்குள் இருக்கும், பாஸ்பரஸ் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பட்டையின் கனமும் இதோடு சேர்ந்தது. விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது, அழுத்தம் இரண்டாம் அடுக்கைப் பொறுத்தது. 10 மி.மீ. பட்டை 9.7 மி.மீ. ஆக வந்தால் விறைப்பு ஏறக்குறைய 9 சதவீதம் குறையும், அதே பாரத்துக்கு அழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் கூடும். செட்டை நூல் பிடித்து வளைவு அளந்தால் இது தெரியவே தெரியாது, வளைவு சரியாகவே இருக்கும். மைக்ரோமீட்டரை மூன்று இடத்தில் வைத்தால் தெரியும். செட்டை எடை போட்டாலும் தெரியும்.

அடுத்தது ஃபர்னஸ். பட்டை 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டுக்குப் போகிறது. காற்று மிகுந்த சூளையில் அதிக நேரம் இருந்தால் மேல்தோலில் உள்ள கார்பன் எரிந்து போகும். தொழிலில் இதை டீகார்ப் என்பார்கள். சிலிக்கான் எஃகுக்கு இந்த வியாதி இன்னும் எளிதாக வரும். தோல் மட்டும் மென்மையாகி உள்ளே கடினமாக இருக்கும். வளையும் பட்டையில் அழுத்தம் உச்சமாக இருப்பது தோலில்தான் என்பதால், 0.3 மி.மீ. மென்மையான தோல்கூட ஆயுளில் பெரிய பங்கைத் தின்றுவிடும். இடைவேளைக்கு லைனை நிறுத்தும்போது உள்ளே தங்கிவிட்ட பட்டைகளை ஒதுக்கி வைக்காமல் லைனிலேயே விடுவதுதான் இதற்கு அதிகம் நடக்கும் காரணம். எண்ணெயிலிருந்து எடுத்ததும், டெம்பருக்கு முன்பு, அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் நல்ல தோலில் அரம் வழுக்கும், டீகார்ப் ஆன தோலில் கடிக்கும். துல்லியமாக வேண்டுமானால் குறுக்கே வெட்டி, பாலிஷ் செய்து, நைட்டால் என்ற அமிலக் கரைசலைத் தடவி, நுண்ணோக்கியில் 100 மடங்கில் பார்க்க வேண்டும். ஓரத்தில் வெள்ளை மணிகளாக ஃபெரைட் (ஏறக்குறைய கார்பன் இல்லாத மென்மையான இரும்பு) வரிசை கட்டி நின்றால் அந்த லாட் வெளியே போகக் கூடாது.

சூளையிலிருந்து வெளியே வந்த பட்டையைப் பிடித்து வளைக்கும் ஜிக்கில் வைத்து வளைவு கொடுத்து எண்ணெயில் இறக்க வேண்டும். இதற்குச் சில நொடிகள்தான் நேரம். ஜிக் சரியாகப் பிடிக்காமல் இரண்டு முறை அழுத்தினால் சூடு இறங்கிவிடும், குறிப்பாக மெல்லிய நுனிகளில். எண்ணெய் 50 முதல் 80 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூலர் கசிந்து எண்ணெயில் நீர் கலந்தால் வெடிப்பு விழும். பல வருடம் மாற்றாமல் கெட்டியாகிப்போன எண்ணெய் மெதுவாகக் குளிர்விக்கும். அப்போது கனமான பட்டையின் நடுப்பகுதி முழுதாகக் கடினமாகாது.

இங்கேதான் ஒரு கண்கட்டு இருக்கிறது, அதைப் பல கொள்முதல் அதிகாரிகள் கவனிப்பதில்லை. முழுதாகக் கடினமாகாத பட்டையைக் குறைந்த சூட்டில் டெம்பர் செய்தால், முறையாகச் செய்த பட்டையின் கடினத்தையே அதுவும் காட்டும். பிரினெல் சோதனையில் 10 மி.மீ. குண்டை 3000 கிலோ பாரத்தில் அழுத்தினால் பள்ளத்தின் விட்டம் 2.85 முதல் 3.10 மி.மீ.க்குள் வர வேண்டும், அதாவது கடின எண் 461 முதல் 388 வரை. இரண்டு பட்டைகளும் இந்த எல்லைக்குள் வரும். ஒன்றின் உள்ளே, வேகமாகக் குளிர்ந்த எஃகின் கடின அமைப்பான மார்ட்டென்சைட் டெம்பர் ஆகிச் சீராக இருக்கும், மற்றதில் மெதுவாகக் குளிர்ந்ததால் வரும் ஃபெரைட்டும் பெய்னைட்டும் கலந்திருக்கும். ரோட்டில் இரண்டும் ஒரே மாதிரி உழைக்காது. எனவே கடின எண் மட்டும் எழுதிய ரிப்போர்ட் தரச் சான்று ஆகாது. டெம்பர் செய்த சூடும், பட்டையின் நடுப்பகுதி நுண்ணமைப்பும் சேர்ந்து வர வேண்டும். பிரினெல் குண்டு வைக்கும் முன்பு தோலை அரை மில்லிமீட்டர் அளவு அரைத்து எடுக்க வேண்டும் என்பதையும் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். அரைக்காமல் பார்த்தால் டீகார்ப் தோலின் எண் வரும். அதைச் சரிக்கட்ட அடுத்த லாட்டின் டெம்பர் சூட்டைக் குறைப்பார்கள், உள்ளே தேவைக்கு மேல் கடினமாகிப் பட்டை நொறுங்கும் தன்மைக்குப் போகும். ஒரு தவறான அளவு அடுத்த லாட்டையும் கெடுப்பது இப்படித்தான்.

பிறகு ஷாட் பீனிங். மாற்றுப் பாகச் சந்தையில் அதிகம் ஏமாற்றப்படும் வேலை இது. சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசித் தோலைத் தட்டித் தட்டி, அதில் அமுக்க அழுத்தத்தைப் பதிய வைக்கும் முறை. கமான் பட்டையில் இழுவிசை வருவது மேல்பக்கம், அதாவது குழிந்த பக்கம். குண்டு அடி விழ வேண்டியது அங்கே. செலவைப் பார்த்தால் ஏன் தவிர்க்கிறார்கள் என்பது புரியும்: மின்சாரம், தேயும் பிளேடுகள், உடைந்துகொண்டே இருக்கும் குண்டுகள். உடைந்து பொடியான குண்டுகளைச் சலித்து எடுக்காமல் ஓட்டினால் தோல் பளபளக்கும், அமுக்கம் பதியாது. கன்வேயரை வேகமாக ஓட்டினாலும் அதே கதிதான். இதை அளக்க 76 மி.மீ. நீளம், 19 மி.மீ. அகலம், 1.29 மி.மீ. கனமுள்ள ஆல்மென் ஏ தகடு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய ஜான் ஆல்மென் 1940களில் கொண்டுவந்த முறை. தகட்டைப் பிளாக்கில் திருகிப் பட்டையோடு சேர்த்து அனுப்பினால் அடிபட்ட பக்கம் புடைத்து வளையும். அந்த வளைவு உயரத்தை வரைபடத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஷிஃப்டுக்கு ஒரு தகடாவது போட்டு, தேதி எழுதிப் பாதுகாத்து வைக்கும் ஆலையை நம்பலாம்.

வாங்குபவரிடம் ஆல்மென் தகடு இருக்காது. அவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. மெயின் பட்டையின் குழிந்த பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தின்னரால் பெயின்ட்டைத் துடைத்துப் பாருங்கள். பீனிங் ஆன தோல் மங்கிய சாம்பல் நிறத்தில், ஒரே சீராகக் குட்டிக் குட்டிப் பள்ளங்களோடு இருக்கும். பெயின்ட்டுக்கு அடியில் வழவழப்பான நீலக்கறுப்புச் செதில் இருந்தால் அந்தப் பட்டை குண்டு அடியே பார்த்ததில்லை. பள்ளம் இருப்பதால் மட்டும் வேலை முறைப்படி நடந்தது என்று ஆகாது, செதில் இருந்தால் நடக்கவில்லை என்பது உறுதி.

செட் கட்டும்போது பட்டைகளுக்கு ஒரே வளைவு கொடுப்பதில்லை. கீழே போகப் போக வளைவு கொஞ்சம் கூடும். சென்டர் போல்ட் இறுக்கும் முன்பு நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். இறுக்கியதும் மெயின் பட்டை மேல்நோக்கிக் கூடுதலாக வளைந்து, அதன் மேல்தோலில் அமுக்கம் ஏறும். பாரம் வரும்போது அந்த அமுக்கம் தீர்ந்த பிறகே இழுவிசை தொடங்கும். கண்ணைத் தாங்கும், பிரேக் முறுக்கையும் சேர்த்து வாங்கும் பட்டைக்கு இந்தச் சலுகை அவசியம். இதன் பிறகு முழு செட்டையும் ஓட்ட பாரத்தைவிட அதிகமாகப் பிரஸ்ஸில் சில முறை அமுக்கி விட வேண்டும், இதுதான் ஸ்கிராகிங். முதல் அமுக்கலிலேயே வளைவு கொஞ்சம் இறங்கி நிலைத்துவிடும், மேல்தோலில் இன்னும் அமுக்கம் பதியும். இதைச் செய்யாத செட் கடையில் அதிக வளைவோடு எடுப்பாக நிற்கும். வாங்குபவர் அதையே நல்ல செட் என்று எடுப்பார். சில வாரத்தில் வண்டி சாயும்.

எண் குத்துவது சின்ன விஷயமாகத் தோன்றும். பாக எண்ணையும் தேதிக் குறியையும் அழுத்தம் குறைந்த நுனிப் பகுதியில் குத்த வேண்டும். மேல்பக்கம் நடுவில் பளிச்சென்று தெரியும்படி குத்தினால் அந்த எழுத்தின் கூர்மூலையிலிருந்தே வெடிப்பு தொடங்கும். பெயின்ட்டும் அப்படித்தான்: ஒவ்வொரு பட்டையையும் தனியாக பிரைமர் அடித்துப் பிறகு செட் கட்ட வேண்டும். கட்டிய பிறகு வெளியே மட்டும் கறுப்பு அடித்தால் பட்டைகளுக்கு நடுவே முதல் மழைக்கே துரு பிடித்துத் தோல் அரிக்கும்.

தயாரிப்பாளர்மேல் போடக் கூடாத பழிகளையும் சொல்லியாக வேண்டும். தொய்ந்துபோன பழைய செட்டில் மெயின் பட்டையை மட்டும் புதிதாகப் போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். புதுப் பட்டைக்கு வளைவு அதிகம், கீழே உள்ள பழசுகள் தட்டையாகிவிட்டன. சென்டர் போல்ட்டை இறுக்கினாலும் பழசுகளின் நுனிகள் புது மெயினைத் தொடுவதில்லை, பாரம் ஏறும்போது அது தனியாகவே நிமிர்ந்து அதன் மேல்தோலில் இழுவிசை அதிகமாக ஏறிவிடுகிறது. மேலே சொன்ன சலுகைக்கு நேர் எதிர் நிலை இது. சீக்கிரம் உடையும், கடைக்காரரோடு சண்டை வரும். மாற்றுவதானால் மெயினோடு கீழே உள்ளவற்றின் வளைவையும் பொருத்தி மாற்ற வேண்டும், அல்லது செட்டாக மாற்ற வேண்டும்.

தொய்ந்த பட்டையைக் கமான் பட்டறையில் பச்சையாக, அதாவது சூடேற்றாமல், தட்டி வளைவு ஏற்றுவதும் அதே வகை. அப்படி வளைக்கும்போது குழிந்த பக்கம் அமுங்கி, விட்டதும் அங்கே இழுவிசை தங்கிவிடும். ஸ்கிராகிங்கும் பீனிங்கும் சேர்த்துக் கொடுத்த நன்மை சம்மட்டி அடியில் போய்விடுகிறது. சம்மட்டித் தழும்பு வேறு வெடிப்புக்கு வாசல் திறக்கிறது. கரி உலையில் சூடேற்றி வளைத்து அப்படியே ஆற விட்டால் பட்டை ஸ்பிரிங் தன்மையையே இழந்துவிடும். சேஸிஸில் வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்ப்பைக் கமான் செட்டில் மாட்டுவதையும் நிறுத்த வேண்டும். பொறி பட்ட இடத்தில் கடுகளவு கண்ணாடி போன்ற கடின எஃகு உருவாகும், அங்கிருந்து உடையும்.

பாரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு வாகனங்களின் அச்சுப் பாரத்தை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆனது. 12 சதவீதத்துக்கு மேல் உயர்வு. வெடிப்பு ஆயுள் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் குறையாது. 10 சதவீத அழுத்தம் கூடினால் ஆயுள் பாதியாகக்கூடக் குறையலாம். முன்பு எப்படியோ தாக்குப்பிடித்த அரைகுறை பட்டை இன்று தாங்காது. அதனால் பாரம் கூடியது என்பது தரத்தை மன்னிக்கக் காரணமாகாது, தரத்தைக் கறாராகப் பார்க்கவே காரணமாகும்.

முன் ஆக்ஸிலில் மெயின் பட்டை கண்ணோரம் உடைந்தால் ஆக்ஸிலின் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து ஸ்டீயரிங் இழுத்துக்கொண்டு போகும். அப்போது வண்டியைப் பிடித்து வைப்பது மெயின் கண்ணைச் சுற்றி வரும் இரண்டாம் பட்டையின் கண். எஃகு மிச்சம் பிடிக்க இந்தச் சுற்றைக் குட்டையாக வெட்டிய செட்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. பயணிகள் வண்டியின் முன்பக்கத்தில் அவற்றை ஏற்றவே கூடாது.

போக்குவரத்துக் கழகங்கள், தனியார் பஸ் உரிமையாளர்கள், லாரி உரிமையாளர் சங்கங்கள் ஆகியோருக்கு என் வேண்டுகோள்கள் செலவு குறைந்தவை. கொள்முதலில், கமான் பட்டைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1135 தரத்தின்படி என்று ஒற்றை வரி எழுதுவதோடு நிற்காமல், லாட் வாரியாக ஹீட் நம்பர், பாஸ்பரஸும் கந்தகமும் உள்ள ரசாயன ரிப்போர்ட், டீகார்ப் ஆழம், நடுப்பகுதி நுண்ணமைப்பு, ஆல்மென் பதிவு, பாரத்தில் அளந்த வளைவு ஆகியவற்றைக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பு கொடுத்த மாதிரி செட் ஃபடீக் சோதனையில் (மீண்டும் மீண்டும் அமுக்கிப் பார்க்கும் சோதனையில்) தேறியது என்ற சான்று, ஆறு மாதம் கழித்து வரும் லாட்டுக்குச் சான்றாகாது. வரும் லாட்டில் ஸ்டோர் ஆள் தானே ஒரு செட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு பட்டையை வெட்டிப் பார்க்க வேண்டும். விற்பவர் எடுத்துக் கொடுக்கும் செட்டை வெட்டிப் பயனில்லை. சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும் திருச்சி என்ஐடியிலும் உலோகவியல் துறைகள் இருக்கின்றன. நாமக்கல், சங்ககிரி, கரூர் வட்டாரத்துச் சங்கங்கள் அவர்களோடு பேசி ஆண்டு முழுவதற்கும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஒரு துண்டை வெட்டிப் பார்க்கும் செலவு, உடைந்து நிற்கும் ஒரு லாரியின் ஒரு நாள் வாடகையோடு ஒப்பிடக்கூட முடியாத அளவு சிறியது.

உடைந்த பட்டைகளுக்கு டிப்போவில் ஒரு தனி ராக்கை வைக்க வேண்டும். முறிந்த முகத்தில் கிரீஸ் தடவி, பாலித்தீனில் சுற்றி, ஒரு அட்டை கட்ட வேண்டும்: வண்டி எண், எந்தப் பக்கம், எத்தனையாவது பட்டை, ஏற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், பட்டையில் குத்திய தேதிக்குறி. ஒரு மாதம் கழித்து இந்த அட்டைகளைத் தேதிக்குறி வாரியாக அடுக்கினால், உடைவுகள் பல லாட்டுகளில் சிதறியிருக்கின்றனவா, ஒரே லாட்டில் குவிந்திருக்கின்றனவா என்பது தெரியும். குவிந்திருந்தால் அந்த லாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வண்டிகளின் பட்டைகளை உடையும் முன்பே கழற்ற வேண்டும். விபத்து விசாரணைக்கு வரும் மோட்டார் வாகன ஆய்வாளர்களும் இயந்திரக் கோளாறு இல்லை அல்லது உண்டு என்று எழுதும் முன்பு, முறிந்த துண்டைக் கைப்பற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
கமான் பட்டை தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரியும் வாசகர்,
சங்ககிரி.